ரூட் ஒன் காட்டிய தெற்கு

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் மேப் போடுகிறேன் என்பேன். “ஓ, கூகுள் மேப்பா?” என்பார்கள். இல்லை என்று விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு சமோசா எடுக்கப் போய்விடுகிறேன்.

ஒரு ஊரில் புதிதாக ஏதாவது கட்டப் போகிறார்கள் என்றால், கட்டுவதற்கு முன்னால் அந்த நிலத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரே படத்தில் வேண்டும். விமானத்திலிருந்து எடுத்த போட்டோ அடியில் இருக்கும். அதன் மேல் யாருக்கு எந்த நிலம் என்று காட்டும் கோடுகள். அதற்கும் மேல் மேடு பள்ளம், ஓடை, சதுப்பு, மண் வகை, ரோடு, தண்ணீர்க் குழாய். ஒவ்வொன்றும் ஒரு லேயர். இத்தனையும் பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் அதுதான் பேஸ் மேப். சமையலுக்கு முன்னால் காய் நறுக்கி வைக்கிற மாதிரியான வேலை. நறுக்கியவளை யாரும் நினைக்க மாட்டார்கள், சாம்பார்தான் பேர் வாங்கும். பிளானர்கள் வந்து என் படத்தின் மேல் கலர் கலராக அபார்ட்மென்ட் வரைந்து டவுன் மீட்டிங்கில் காட்டி, கைதட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். எனக்கு அதில் எரிச்சல் உண்டு. மறைத்து என்ன ஆகப்போகிறது?

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில். இரண்டு வருடத்துக்கு முன்னால், குளிர் முடியும் நேரத்தில், எங்கள் கம்பெனிக்கு ஒரு வேலை வந்தது. ரூட் ஒன் நெடுஞ்சாலைப் பக்கம், வெகுநாளாகச் சும்மா கிடந்த ஒரு வயல். அங்கே அபார்ட்மென்ட், கீழ்த்தளத்தில் கடைகள், நடுவில் பூங்கா என்று கட்ட ஒரு டெவலப்பர் அந்த டவுன் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டிருந்தார். டவுன் முடிவெடுக்குமுன் நிலத்தை ஆராய்ந்து சொல்வது எங்கள் பொறுப்பு. பேஸ் மேப் வழக்கம்போல என் தலையில். நிலத்தின் எல்லையை மெயிலில் அனுப்பியிருந்தார்கள். எந்த இடம் என்றுகூடப் பார்க்காமல், காபியைக் குடித்துக்கொண்டே திறந்தேன்.

இங்கே அந்த விமானப் போட்டோக்களை மரங்கள் துளிர்ப்பதற்கு முன்னால் எடுப்பார்கள். இலை இருந்தால் தரை தெரியாது. அதனால் எல்லா மரமும் மொட்டையாக, நிழல் மட்டும் நீளமாக இருக்கும். திரையில் முதலில் வயல் வந்தது. அதை ஒட்டி ஒரு சின்னப் பழைய கல்லறைத் தோட்டம். அதன் பின்மூலையில் ஒரு பெரிய ஓக் மரம், மொட்டையாக. நான் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அந்த மரத்தின் அருகில்தான் என் மகள் இருந்தாள்.

அவள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் இருந்த ஓட்டையில் கையை விட்டு ஒரு விரலால் அவள் காலைத் தொடலாம், அவ்வளவுதான். ஒரு வாரம்கூட முழுசாக இருக்கவில்லை. பெயர் வைப்பதற்குள் போய்விட்டாள். அதனால் இதை எழுதும்போது அவள் பெயரைச் சொல்லாமல் விடுவதில் எனக்குச் சிரமம் எதுவும் இல்லை.

பெரியவர்களுக்குத்தான் தகனம், பச்சைக் குழந்தையைப் புதைப்பதுதான் எங்கள் வழக்கம். இந்த ஊரில் எங்கே போய்ப் புதைப்பது என்று என் கணவருக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் யாரோ இந்தக் கல்லறைத் தோட்டத்தைச் சொன்னார்கள். பின்பக்கத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு பட்டை நிலம் வைத்திருந்தார்கள், யாருடைய குழந்தையானாலும் இடம் கொடுப்பார்கள் என்றார்கள். நான் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தேன். திருநெல்வேலியிலிருந்து மாமியார் போனில் சொன்னார்.

“பெத்தவ அங்ஙன போகப்படாது. பச்சை உடம்பு. கல்லு கில்லு ஒண்ணும் வைக்காதீங்க, என்ன? அடுத்த பிள்ளைக்கு ஆகாது.”

நான் போகவில்லை. கல்லும் வைக்கவில்லை. அடுத்த பிள்ளை வரவேயில்லை.

கணவர் அன்று தன் ஆபீஸ் நண்பர் ஒருவரோடு போய்விட்டுத் திரும்பினார். குளித்துவிட்டு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன்.

“பெரிய ஓக் மரம் ஒண்ணு நிக்குது. அதுக்கு நேர் தெக்கால. கிளை முடியுத இடத்துல.”

அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் பேசும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் சென்னைக்காரி. எனக்கு லெஃப்ட், ரைட், நேரா போய்க் கட் பண்ணு என்பதுதான் பாஷை. அவர் ஊரில் எல்லாவற்றுக்கும் திசைதான். சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது “கொஞ்சம் மேக்கால தள்ளி உக்காரேன்” என்பார். உப்பு டப்பா எங்கே என்றால் “அந்தக் கிழக்கு ஷெல்ஃபுல பாரு” என்பார். கல்யாணமான புதிதில் இது எனக்குப் பெரிய வேடிக்கை. “உங்க ஊர்ல தட்டுல சாம்பாருக்கு வடக்கால பொரியல் வைப்பாங்களோ?” என்று சீண்டுவேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் தெற்கு எது என்று தனக்குத் தெரியும் என்பார். ஊரில் அது உண்மையாகவும் இருந்தது.

உடம்பு தேறி, நானே கார் ஓட்ட ஆரம்பித்த பிறகு தனியாக அந்த இடத்துக்குப் போனேன். மேப் போடுகிறவள் இல்லையா, போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டேன். மரத்தில் முதுகை ஒட்டி நின்று, சுத்தமான தெற்கு எது என்று பார்த்து, கிளை முடிகிற இடம் வரை நடந்தேன். புல்தான் இருந்தது. கொண்டுபோன பாலை அங்கே ஊற்றினேன். அதிலிருந்து ஒவ்வொரு தை மாதமும் அந்த நாளில் போவேன். பால் ஊற்றுவேன். அவளிடம் கொஞ்சம் பேசுவேன், வீட்டுக் கதைதான். இன்றைக்கு ரோட்டில் ஐஸ், உங்க அப்பா புதுசாக ஒரு சட்டை எடுத்திருக்கிறார், பட்டாணி கலரில், சகிக்கவில்லை. இப்படி. குழந்தைக்குத் திவசம் கிடையாது என்று மாமியார் சொல்லியிருந்ததால் இது திவசம் இல்லை. நான் என் மகளைப் பார்க்கப் போகிறேன், அவ்வளவுதான். கணவர் ஒரு தடவைகூட வரவில்லை. அந்த நாளில் ஆபீஸில் ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

ஆக, திரையில் அந்த மரம். நிலக் கோடுகளின் லேயரைப் போட எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அதைப் போடுவதுதானே என் வேலை. போட்டேன். கல்லறைத் தோட்டம் தன் பின்பக்க நிலத்தை எப்போதோ விற்றுவிட்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். எல்லைக் கோடு மரத்தை ஒட்டிச் சாய்வாகப் போனது. நான் பால் ஊற்றுகிற இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி கோட்டுக்கு உள்ளே, கல்லறைத் தோட்டத்துப் பக்கம் இருந்தது. ஓரத்தில்தான், ஆனாலும் உள்ளே. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நிம்மதியில் வந்த அழுகை அது.

திரும்பி வந்து மேடு பள்ளத்தின் லேயரைப் போட்டபோது இன்னொன்று தெரிந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே தாழ்வான மூலை அதுதான். மழைத் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து சேரும். விலை கொடுத்து யாரும் வாங்க மாட்டாத ஈர மூலை, அதைத்தான் குழந்தைகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. பிளானர்களும் அந்தத் தாழ்வைப் பார்ப்பார்கள், மழைநீர்க் குட்டையை அங்கேதான் வரைவார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆழமாகத் தோண்டுவார்கள். இந்த நிலக் கோடுகளையோ முழுக்க நம்ப முடியாது. சர்வே எடுத்துப் பார்த்தால் சில அடி இப்படி அப்படி இருக்கும், எங்கள் தொழிலில் அது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சில அடிக்குள்தான் என் மகள் இருந்தாள்.

டைரக்டரின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் ஓய்வு பெறும் வயதில் இருக்கும் ஒரு அமெரிக்கப் பெண்மணி, அதிகம் பேசாதவர். நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவைக்கூடத் தொடவில்லை. இந்த வயல் வேலையில் மட்டும் இனிமேல் நீ இருக்க முடியாது, உனக்கும் அது நல்லதில்லை என்றார். ஆனால் சர்வேயரை உடனே அனுப்புகிறேன், குடும்பத்தார் என்ற முறையில் நீ வந்து இடத்தைக் காட்டு என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார், புதைக்கும்போது நீ அங்கே இருந்தாயா என்று. இல்லை என்றேன். அப்படியானால் இருந்தவரைக் கூட்டிக்கொண்டு வா என்றார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்த டவலையே திரும்பத் திரும்ப மடித்தார்.

“நீதான் வருஷா வருஷம் போறியே. உனக்குத்தான் தெரியுமே.”

நான் போவது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“எனக்கு நீங்க சொன்னதுதான் தெரியும். வச்சது நீங்கதான். வந்து காட்டுங்க.”

“அங்ஙன வர என்னால முடியாதும்மா.”

“முடியாதுன்னா தோண்டிடுவாங்க.”

வந்தார்.

போன அன்று குளிர் இருந்தது. தரையெல்லாம் சேறு. ஆரஞ்சு கலர் சட்டை போட்ட சர்வேயர் கருவியை நிறுத்தி வைத்துவிட்டு, கையில் சின்னச் சின்னக் கொடிகளோடு எங்களுக்காகக் காத்திருந்தார். நான் பழகிய கால்களோடு நேராக என் இடத்துக்குப் போய் நின்றேன். கணவர் மரத்தடியில் நின்று சுற்றிலும் பார்த்தார். பிறகு நான் நிற்கும் பக்கம் வராமல் வேறு பக்கமாக நடந்தார். கிளை முடிகிற இடத்தில் நின்றார்.

“எங்க போறீங்க? இங்க வாங்க.”

“இங்ஙனதான்.”

“தெக்குன்னு சொன்னீங்களே.”

“தெக்குதான் இது.”

“இது தெக்கு இல்ல. நான் நிக்கறதுதான் தெக்கு. நீங்க நிக்கறது சவுத்வெஸ்ட்.” போனைத் தூக்கித் திசைகாட்டியைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. மொட்டை மரங்களுக்கு அப்பால் தூரத்தில் ரூட் ஒன் தெரிந்தது, லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அதைக் கைகாட்டினார்.

“அந்தா போகுதுல்லா லாரி. அதான் சவுத். ரூட் ஒன் சவுத்துலதான வந்தோம், போர்டு போட்டிருக்கான்லா.”

எனக்குப் புரிந்தது. இந்த நாட்டில் ஒரு நெடுஞ்சாலைக்கு சவுத் என்று பெயர் வைத்துவிட்டால், அது எந்தப் பக்கம் வளைந்து போனாலும் போர்டில் சவுத்தான். எங்கள் பகுதியில் ரூட் ஒன் தெற்கே போவதில்லை. தென்மேற்கே சாய்ந்து போகிறது. என் படங்களில் அதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். வந்த நாளிலிருந்து அவர் அந்தப் போர்டைப் பார்த்துத்தான் தன் தெற்கை வைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் சோபாவும் உப்பு டப்பாவும்கூட அந்தக் கணக்கில்தான் இருந்திருக்கும். எனக்குச் சோபாவில் அது பிடிபடவில்லை.

“போர்டைப் பாத்தா தெக்கு கண்டுபிடிப்பீங்க?” என்று கத்தினேன். சர்வேயர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வேற எதைப் பாத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுத? அன்னைக்கு சூரியனே இல்ல. பனி கொட்டுது. மேல கீழ எல்லாம் ஒரே வெள்ளை. அந்தக் குழி வெட்டுன ஆளு எந்தப் பக்கமா வைக்கணும்னு கேக்கான். தலை தெக்கே இருக்கணும்லா. அங்ஙனயும் இங்ஙனயும் பாத்தேன், ஒண்ணும் பிடிபடல. ரோடு சத்தம் கேட்டுச்சு. அதை வச்சுச் சொன்னேன்.”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். என் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு லாரிகளைப் பார்த்தார்.

“அப்போ தலையும் தெக்கே இல்லையா?”

அவர் அந்த ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவள் போன அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. பக்கத்தில் போய் அவர் தோளைத் தொட்டிருக்க வேண்டும். நான் என் இடத்திலேயே நின்றேன். நான் ஊற்றிய பாலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தையிலும் வெறும் புல்லுக்குப் பால் ஊற்றியிருக்கிறேன். பட்டாணிச் சட்டையைப் பற்றி யாரிடமோ சொல்லியிருக்கிறேன். அவள் அந்தப் பக்கம், நான் திரும்பிப் பார்த்திருந்தால் தெரியும் தூரத்தில், அத்தனை வருடமும் தனியாகக் கிடந்திருக்கிறாள். அவருடைய திசை தப்பு, என்னுடையது சரி. சரியான திசைதான் என்னை அவளிடமிருந்து தள்ளி நிறுத்தியது. அந்த ஆற்றாமையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

சர்வேயர் இரண்டு கொடி நட்டார். ஒன்று என் இடத்தில், ஒன்று கணவர் காட்டிய இடத்தில். பிறகு எல்லையை அளந்து கட்டைகளை அடித்துக்கொண்டு வந்தார். கட்டைகளின் வரிசை இரண்டு கொடிக்கும் நடுவில் புகுந்து போயிற்று. என் கொடி கல்லறைத் தோட்டத்தில். கணவரின் கொடி, கட்டப்போகிற நிலத்தில். பெயர் பொறித்த சின்னக் கல் வைத்த குழந்தைகள் எல்லாரும் கோட்டுக்கு இந்தப் பக்கம். பனியில் எல்லை தெரியாமல் கோட்டைத் தாண்டிக் கடைசியாக வெட்டிய குழி எங்களுடையது. கல் இருந்திருந்தால் நிலத்தை அளக்க வந்தவர்கள் எவராவது பார்த்திருப்பார்கள். இல்லாததால் எந்தப் படத்திலும் அது புல்.

பிறகு மண்ணுக்குள் பார்க்கும் ரேடாரோடு ஒரு தொல்லியல் நிபுணர் வந்தார். இளம்பெண். புல்வெட்டும் மெஷின் மாதிரி ஒன்றை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனார். என் கொடி இருந்த இடத்தில் பலமுறை தள்ளிப் பார்த்துவிட்டு, இங்கே மண்ணை யாரும் ஒருபோதும் தோண்டியதில்லை என்று தணிந்த குரலில் சொன்னார். கணவரின் கொடியிடம் ஒரு சின்ன இடத்தில் மண் கலைந்திருக்கிறது என்றார். சின்ன இடம் என்பதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

டெவலப்பர் தரப்பில் யாரும் முரண்டு பிடிக்கவில்லை. எங்களிடம் கேட்டார்கள். அந்த இடத்தை வேலி போட்டு அப்படியே விட்டுவிடுகிறோம், குட்டையைச் சற்றுத் தள்ளி வெட்டுகிறோம். அல்லது முறைப்படி அனுமதி வாங்கி, எல்லைக்கு உள்ளே மேட்டுப் பக்கம் மாற்றித் தருகிறோம். எது வேண்டும்?

“தோண்டப்படாது” என்றார் கணவர். “ஒரு தடவை மண்ணைப் போட்டா போட்டதுதான். அவளை எழுப்பாத.”

“வேலி போட்டா தண்ணி வராம நிக்குமா? அந்த மூலைக்குத்தான் எல்லாத் தண்ணியும் வரும். நான் பாத்தேன். குட்டைக்கு நடுவுல ஒரு வேலிக்குள்ள அவளை விட்டுட்டு வரச் சொல்றீங்களா?”

“ஊர்ல கேட்டா…”

“ஊர்ல கேக்க வேண்டாம். போன தடவை யாரும் என்னைக் கேக்கல. நான்தான் பெத்தேன். இந்தத் தடவை நான் சொல்றேன், நானும் வரேன்.”

பல நாள் கழித்து, ஒரு காலையில் டீ போட்டுக்கொண்டிருந்தபோது, சரி, மாத்திருவோம் என்றார். ஊருக்குப் போன் செய்யவில்லை.

அனுமதி வர மாதக்கணக்கில் ஆயிற்று. அந்த இடைவெளியில் தொல்லியல் பெண் எங்களை அழைத்து ஒன்றைத் தெரிவித்தார். எதையும் எதிர்பார்த்து வர வேண்டாம், இந்த மண்ணில் எலும்பு நிற்காது, அதுவும் அவ்வளவு சின்னது என்றார். கணவருக்கு அது புதுசு. எனக்கு இல்லை. மண் வகையின் லேயரை முதல் நாளே போட்டிருந்தேன். எலும்பைக் கரைக்கும் அமில மண், வருடம் முழுக்க ஈரம். அதைப் படிக்கும்போது மனசுக்குள் தெரிந்ததுதான், ஆனால் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வசந்தத்தில், தோண்டிய அன்று நல்ல வெயில். மரம் துளிர்க்க ஆரம்பித்திருந்தது. அந்தப் பெண் மண்டியிட்டு, ஒரு சின்னக் கரண்டியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். அவர் அவசரப்படவே இல்லை, அதற்காக அவரை எனக்குப் பிடித்தது. கொஞ்சம் ஆழம் போனதும் கையைக் காட்டி எங்களைக் கூப்பிட்டார். சுற்றியிருந்த மண் வெளிர் பழுப்பு. நடுவில் மட்டும் மண் கறுத்திருந்தது. விரித்த கைக்குட்டை அகலம்கூட இல்லை. அன்று அவளை வைத்திருந்த அட்டைப் பெட்டி இல்லை. கணவர் தன் வேட்டியைக் கிழித்துச் சுற்றிய துணி இல்லை. வேறு எதுவும் இல்லை.

“தலை எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கேளேன்” என்றார் கணவர்.

கேட்டேன். சொல்ல முடியாது என்று அந்தப் பெண் தலையை ஆட்டினார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது.

கறுத்த மண் முழுவதையும், அதன் ஓரத்தில் கொஞ்சத்தையும் சேர்த்து, ஒரு மரப்பெட்டியில் அள்ளி வைத்தார். துளி மண்கூடச் சிந்தவில்லை. மூடியைப் பொருத்திவிட்டு எழுந்து, தானே கொண்டுவந்து தரவா என்று கேட்டார். வேண்டாம் என்று நான் கையை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன். மண்ணின் ஈரம் மரத்தையும் தாண்டி என் சட்டையில் இறங்கியது. அவளை நான் அதுவரை தூக்கியதே இல்லை.

மேட்டுப் பக்கம் புதுக் குழி தயாராக இருந்தது. கொஞ்ச தூரம்தான் நடக்க வேண்டும். எல்லைக் கட்டைகள் வந்தபோது கணவர் என் முழங்கையைப் பிடித்துத் தாண்ட உதவினார். தாண்டிய பிறகும் கையை எடுக்கவில்லை. எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, பெட்டிப் பக்கம் குனிந்து, “கனமா இருக்கா?” என்று கேட்டார்.

“அவ இருக்கா” என்றேன்.